பம்பிங் 62 சதவீதம் இருந்தும் அம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. பதினைந்து வருடமாக பிரஷர், பத்து வருடமாக சுகர். பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சாப்பிடுகிறார். சுகர் கட்டுப்படவில்லை என்று எட்டு மாதம் முன்பு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்தாறு மாதமாக மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறார். இரவில் இரண்டு தலையணை வேண்டும். சாயங்காலம் கால் வீங்குகிறது. போன வருடம் எடுத்த எக்கோவில் ஈஎஃப் 64 சதவீதம், ஈ/ஏ 0.7, 'டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் கிரேடு 1' என்று இருந்தது. போன மாதம் வேறு இடத்தில் எடுத்ததில் ஈஎஃப் 62, ஈ/ஏ 1.25. கிரேடு எதுவும் போடவில்லை. 'பம்பிங் நார்மல்' என்று முடித்திருக்கிறார்கள். முன்பைவிடத் தேவலை என்கிறார் அண்ணன். ஆனால் இதய டாக்டர் இதை ஹார்ட் ஃபெயிலியர் என்கிறார். தண்ணீர் மாத்திரையும், சுகருக்கான டாபாகிளிஃப்ளோசினும் எழுதி, ஒரு ரத்தப் பரிசோதனையும் சொல்லியிருக்கிறார். பம்பிங் நன்றாக இருக்கும்போது ஹார்ட் ஃபெயிலியர் எப்படி வரும்? எக்கோ தப்பா, டாக்டர் தப்பா? அடுத்த மாதம் கோவையில் பேத்தி கல்யாணம். அம்மாவை அழைத்துப்போகலாமா?
— கும்பகோணம் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எக்கோவும் தப்பில்லை, டாக்டரும் தப்பில்லை. ரிப்போர்ட்டின் கடைசி வரியோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டதுதான் சிக்கல். அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். கவரைப் பிரித்ததும் யாரும் முதலில் தேடுவது பம்பிங் எவ்வளவு என்பதைத்தான். எழுதுகிறவர்களும் அதைத்தான் தடித்த எழுத்தில் போடுகிறார்கள்.

பம்பிங் என்று நாம் சொல்லும் ஈஎஃப் ஒரு விகிதம். இடது கீழறையில் வந்து நிறைந்த ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே போனது என்பதுதான் அது. 120 மில்லி நிறைந்து 72 மில்லி போனால் 60 சதவீதம். அறை விறைத்துப்போய் 80 மில்லிதான் நிறைகிறது, அதில் 50 மில்லி போகிறது என்றால் 62 சதவீதத்துக்குச் சற்று மேல். சதவீதத்தைப் பார்த்தால் இரண்டாவது இதயம்தான் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் உடம்புக்குப் போய்ச் சேருவது 22 மில்லி குறைவு. எவ்வளவு நிறைந்தது, நிறைப்பதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டியிருந்தது என்பதெல்லாம் ஈஎஃப்பில் வராது.

அந்த அழுத்தம்தான் உங்கள் அம்மாவின் பிரச்சினை என்று நினைக்கிறேன். இதயத் தசைக்குச் சுருங்குவது போலவே தளர்வதும் ஒரு வேலைதான். தளர்வதற்கும் சக்தி செலவாகிறது. பதினைந்து வருடம் பிரஷரை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சுவர் தடித்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலில் 13 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. பெண்களுக்கு 9-ஐத் தாண்டக்கூடாது. சுகரும் எடையும் சேர்ந்து அந்தத் தசையை இன்னும் விறைக்க வைக்கும். விறைத்த அறையை நிரப்ப மேலறையில் அழுத்தம் ஏற வேண்டும். மேலறைக்குப் பின்னால் இருப்பது நுரையீரல். படி ஏறும்போது துடிப்பு வேகமாகி, அறை நிறைவதற்கு நேரம் கிடைக்காமல் போகிறது. அழுத்தம் எகிறி மூச்சு வாங்குகிறது. படுத்தால் காலில் தேங்கியது நெஞ்சுக்குத் திரும்புகிறது, இரண்டாவது தலையணை தேவைப்படுகிறது. மேலைநாட்டுக் கணக்கில் இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈஎஃப் 50-க்குக் குறையாமல்தான் இருக்கிறது. இதைத்தான் டயஸ்டாலிக் ஹார்ட் ஃபெயிலியர் என்று சொல்லிவந்தோம். புதிய ரிப்போர்ட்டுகளில் ஹெஃப்பெஃப் என்று பார்ப்பீர்கள்.

இனி, 0.7 எப்படி 1.25 ஆனது என்பதற்கு வருகிறேன். கடிதத்தின் முக்கியமான கேள்வியே இதுதான், நீங்கள் அதை நேராகக் கேட்கவில்லை என்றாலும்.

எக்கோ கருவியால் இதயத்துக்குள் இருக்கும் அழுத்தத்தை நேராக அளக்க முடியாது. டாப்ளர் அளப்பது வேகத்தை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வின் வாயில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு அலை தெரியும். டவுன் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் ஒரு கூட்டம் தானாக ஏறிவிடும். அது ஈ அலை. கிளம்புமுன் கண்டக்டர் 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்று நெருக்கி இன்னும் சிலரை ஏற்றுவார். அது மேலறை சுருங்கித் தள்ளும் ஏ அலை. நல்ல இதயத்தில் முதல் கூட்டம்தான் பெரிது. தளர்வு மந்தமானால் முதலில் ஏறுவது குறைந்து, கண்டக்டர் ஏற்றுவது கூடும். ஈ/ஏ 0.7 என்பது அந்த நிலை, கிரேடு 1. நோய் முற்றினால், ஸ்டாப்பில் காத்திருக்கும் கூட்டமே அதிகமாகி, கதவு திறந்ததும் முண்டியடித்து ஏறிவிடும். ஈ அலை மறுபடி உயரும், விகிதம் ஒன்றைத் தாண்டும். பார்வைக்கு நார்மல் பஸ். பின்னால் நெரிசல் மட்டும் அப்படியே இருக்கும். இதைப் போலி நார்மல் என்போம், கிரேடு 2. இன்னும் முற்றி விகிதம் 2 அல்லது அதற்கு மேல் போனால் கிரேடு 3.

ஆக 0.7-லிருந்து 1.25 என்பது தேறியதாகவும் இருக்கலாம், மோசமானதாகவும் இருக்கலாம். ஈ/ஏ ஒன்றை மட்டும் வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்ல வேண்டிய எண்கள் உங்கள் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன. அளந்தவர் ஒழுங்காக அளந்திருக்கிறார். முடிவுரை எழுதியவர்தான் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. ரத்தம் ஓடும் வேகத்தை அளந்தபின், கர்சரை வால்வும் சுவரும் சேரும் ஓரத்தில், முதலில் நடுச்சுவர்ப் பக்கம், பிறகு வெளிச்சுவர்ப் பக்கம் வைத்து, தசையே எவ்வளவு வேகமாக விலகுகிறது என்று பார்ப்பார்கள். இது திசு டாப்ளர். ஈ பிரைம் என்று குறிப்பது இதைத்தான். அம்மாவுக்கு ரத்தத்தின் ஈ வேகம் விநாடிக்கு 90 செ.மீ. தசையின் வேகம் நடுச்சுவரில் 5, வெளிச்சுவரில் 7. நடுச்சுவரில் 7-க்கும், வெளிச்சுவரில் 10-க்கும் குறைந்தால் தளர்வு சரியில்லை என்று பொருள். பின்னாலிருந்து அழுத்தம் தள்ளினால் ரத்தம் வேகமெடுக்கும். விறைத்த தசை அவ்வளவு சுலபத்தில் ஏமாறாது. இரண்டின் சராசரி 6. 90-ஐ 6-ஆல் வகுத்தால் 15. அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் 2016-இல் சேர்ந்து கொடுத்த வழிகாட்டுதலில் இந்த விகிதம் 14-ஐத் தாண்டுவது அழுத்தம் கூடியதற்கான ஓர் அடையாளம்.

அடுத்து இடது மேலறையின் கொள்ளளவு. உடல் பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்டு 34 மில்லிவரை சரி என்பார்கள், அம்மாவுக்கு 41. எனக்கு மிகவும் பிடித்த அளவு இது. மற்ற அளவுகள் அன்றைய பிரஷர், அன்று காலை போட்ட தண்ணீர் மாத்திரை, படுத்திருந்த விதம் இவற்றுக்கெல்லாம் ஆடும். மேலறை ஒரே நாளில் பெருக்காது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அழுத்தம் தாங்கியதன் தடம் அது. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு இருந்தாலும், மைட்ரல் வால்வு சரியில்லை என்றாலும் மேலறை பெருக்கும். அவை இல்லை என்று ரிப்போர்ட் சொல்கிறது.

மூன்றாவது, வலப்பக்க டிரைகஸ்பிட் வால்வில் கசியும் ரத்தத்தின் வேகம். விநாடிக்கு 2.8 மீட்டரைத் தாண்டக்கூடாது, அம்மாவுக்கு 3. இதை வர்க்கமாக்கி நாலால் பெருக்கினால் 36. அதோடு வலது மேலறை அழுத்தத்தையும் சேர்த்தால் நுரையீரல் தமனியின் அழுத்தம் கிடைக்கும். எப்படிப் பார்த்தாலும் 40-ஐ ஒட்டி அல்லது அதற்கு மேல் வரும்.

மூன்று அடையாளமும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. ஈ/ஏ 0.8-க்கும் 2-க்கும் நடுவில் இருந்து, இந்த மூன்றில் இரண்டு தவறினாலே கிரேடு 2, மேலறை அழுத்தம் கூடியிருக்கிறது என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டது தான் உங்களைக் குழப்பிவிட்டது. சந்தேகம் இருந்தால் படுக்கையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. வாயை மூடி, மூச்சை அடக்கி, பத்து விநாடி முக்கச் சொல்வார்கள். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். போலி நார்மல் என்றால் வேஷம் கலைந்து ஈ/ஏ மளமளவென்று இறங்கும். இதைச் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் வாசலில் இருபது பேர் காத்திருக்கும் எக்கோ அறையில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை என்பதும் நிஜம்.

இங்கே வேறு வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 'கிரேடு 1' என்று பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்கள் நிறைய. அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஈ அலை ஏ-வைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். வயதானால் தோல் சுருங்குகிறது, இதயமும் கொஞ்சம் விறைக்கிறது. மூச்சு வாங்கவில்லை, மேலறை பெருக்கவில்லை என்றால் அது ஹார்ட் ஃபெயிலியர் அல்ல. பிரஷரையும் சுகரையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். எக்கோவில் தெரிவது விறைப்பு. ஹார்ட் ஃபெயிலியர் என்று சொல்ல மூச்சுத்திணறல், வீக்கம் போன்ற அறிகுறியும் சேர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது டாக்டரின் வேலை, எக்கோ கருவியின் வேலை அல்ல.

அப்படிச் சேர்த்துப் பார்க்க ஒரு மதிப்பெண் முறை உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்டது. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 30-க்கு மேல் என்றால் 2. பிரஷருக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் மருந்து 1. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 3. நுரையீரல் தமனி அழுத்தம் 35-க்கு மேல் 1. வயது 60-க்கு மேல் 1. நான் மேலே 15 என்று கணக்கிட்ட அந்த விகிதம் 9-ஐத் தாண்டினால் 1. மொத்தம் 9. அம்மாவின் பிஎம்ஐ கிட்டத்தட்ட 31. கூட்டிப் பார்த்தால் 6 வருகிறது. 6-ம் அதற்கு மேலும் என்றால் டயஸ்டாலிக் ஹார்ட் ஃபெயிலியராக இருக்க வாய்ப்பு மிக அதிகம். இரண்டிலிருந்து ஐந்து வரை வருகிறவர்களுக்குத்தான் சைக்கிள் மிதிக்கவைத்து எக்கோ பார்ப்பதும், அதிலும் தெளியவில்லை என்றால் கதீட்டர் செலுத்தி அழுத்தத்தை நேராக அளப்பதும். இந்த முறை அமெரிக்க உடம்புகளை வைத்து உருவானது. பிஎம்ஐ 26 இருந்து தொப்பை மட்டும் பெரிதாக உள்ள நம்மூர்க்காரருக்கு அந்த இரண்டு மதிப்பெண் கிடைக்காது. அதனால் குறைந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

டாக்டர் சொன்ன ரத்தப் பரிசோதனை என்டி-புரோபிஎன்பி ஆக இருக்கும். இதயச் சுவர் இழுபடும்போது சுரப்பது. வெளிநோயாளிகளுக்கு 125 பிகோகிராம் வரை இருந்தால் பொதுவாக ஹார்ட் ஃபெயிலியர் சாத்தியம் குறைவு. அம்மாவைப் போல எடை கூடியவர்களுக்கு இது ஏமாற்றும், குறைத்துக் காட்டும். 110 வந்தது, ஒன்றுமில்லை என்று அண்ணன் மறுபடி ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நேர்மாறாகக் கூட்டிக் காட்டும். அதோடு ஹீமோகுளோபின், தைராய்டு, கிரியாட்டினின், பொட்டாசியம், ஓர் ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே. மூச்சு வாங்குவதற்கு ரத்தசோகைகூடக் காரணமாகலாம். இதய ரத்தக்குழாய் அடைப்பு சுகர்க்காரர்களுக்கு வலியில்லாமல் மூச்சுத்திணறலாகவே வெளிப்படும் என்பதால் அதையும் டாக்டர் மனதில் வைத்திருப்பார். சுவர் தடித்திருந்தும் ஈசிஜியில் அலைகள் சின்னதாக இருந்தாலோ, இரண்டு கையிலும் விரல் மரத்து மணிக்கட்டில் ஆபரேஷன் செய்த வரலாறு இருந்தாலோ, அமிலாய்டு என்ற புரதம் இதயத்தில் படியும் நோயைத் தேட வேண்டும். காசநோய் வந்துபோனவர்களுக்கு இதய உறை இறுகிக்கொள்வதும் இதே போலத் தோற்றம் தரும். உங்கள் கடிதத்தில் இவற்றுக்கான குறிப்பு இல்லை. நேரில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது எக்கோ எண் எதுவும் இல்லை, சுகர் மாத்திரை. பயோகிளிட்டசோன் சுகரை நன்றாகக் குறைக்கும், விலையும் மலிவு, அதனால் நம்மூரில் தாராளமாக எழுதப்படுகிறது. ஆனால் அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களுக்குக் கொடுக்கக்கூடாத மருந்து. எட்டு மாதம் முன்பு ஆரம்பித்திருக்கிறீர்கள். ஐந்தாறு மாதமாக மூச்சு வாங்குகிறது. விறைத்த இதயம் போன வருடமே இருந்தது; கிரேடு 1 காட்டியதும் அதைத்தான். அதன்மேல் நீரை ஏற்றிவிட்டால் 0.7 என்பது 1.25 ஆவதில் அதிசயம் ஒன்றுமில்லை. மூன்றும் ஒரே மாத்திரைக்குள் ஒரே பெயரில் இருப்பதால் இதய டாக்டர் கண்ணில் படாமல் போயிருக்கலாம். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் அவரிடமும் சுகர் டாக்டரிடமும் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தினால் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்து நின்றுவிடும், சுகர் ஏறிவிடும். பயோகிளிட்டசோன் இல்லாத வேறு மாத்திரையாக மாற்றி எழுதித் தருவார்கள்.

கால் வீக்கத்துக்கு இன்னொரு சந்தேக நபரும் இருக்கிறது: அம்லோடிபின். இதயத்தில் கோளாறே இல்லாதவர்களுக்கும் கணுக்காலை வீங்கவைக்கும். தண்ணீர் மாத்திரைக்கு அந்த வீக்கம் அவ்வளவாக அடங்காது. மூச்சுத்திணறல் தேறியும் கால் மட்டும் வீங்கிக்கொண்டே இருந்தால் பிரஷர் மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையறா வீட்டில் இருந்தால் அவற்றையும் தொடக்கூடாது. அவையும் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

டாபாகிளிஃப்ளோசின் பற்றி. சுகர் மாத்திரை ஏன் இதயத்துக்கு என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். 2022-இல் வெளியான டெலிவர் ஆய்வில், பம்பிங் 40-க்கு மேல் உள்ள ஆறாயிரத்துக்கும் அதிகமான ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சுகரே கிடையாது. நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்தது. அதற்கு முந்தைய வருடம் எம்பாகிளிஃப்ளோசினிலும் இதே போன்ற முடிவு. பல வருடம் மருந்துமேல் மருந்தாகச் சோதித்துத் திருப்தி கிடைக்காத இந்த நோயில், பளிச்சென்று பலன் காட்டிய வகை இது. தாராளமாக ஆரம்பியுங்கள். பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். அம்மா கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருப்பார், நீங்கள் கேளுங்கள். வாந்தி பேதியோ, உபவாசமோ, ஆபரேஷனோ என்றால் டாக்டரைக் கேட்டு நிறுத்திவைக்க வேண்டும். கிளிமிபிரைடுடன் சேரும்போது சுகர் ஒரேயடியாக இறங்கலாம் என்பதால் அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் மாத்திரையைக் காலையில் போடச் சொல்லுங்கள்; சாயங்காலம் போட்டால் ராத்திரியெல்லாம் எழுந்து நடக்க வேண்டும். தினமும் காலையில் பாத்ரூம் போய்வந்து, சாப்பிடும் முன் எடை பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். டாக்டருக்குப் போன் செய்ய வேண்டியதுதான். பிரஷர் 130/80-க்குள் நிற்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, பேக்கரி மிக்சர் இவற்றைக் குறைத்தாலே பாதி உப்பு குறையும், இந்துப்பும் உப்புதான். ராத்திரி திடீரென்று மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாலோ, நெஞ்சு வலி, மயக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எக்கோவை மாதாமாதம் எடுக்க வேண்டாம். மருந்து மாற்றி ஆறு மாதம் கழித்து, முடிந்தால் இரண்டாவதாக எடுத்த அதே இடத்தில் எடுங்கள். அளப்பவர் கை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். இரண்டு பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோய், 'ஈ பிரைம், மேலறைக் கொள்ளளவு, டிரைகஸ்பிட் வேகம் மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டு எழுதுங்கள்' என்று கேளுங்கள். அப்போது ஈ/ஏ மறுபடி 0.7-க்கு வந்திருந்தால் அண்ணன் பதறிவிடப் போகிறார். நெரிசல் குறைந்தால் அப்படித்தான் இறங்கும். மூச்சு வாங்குவதும் குறைந்திருந்தால் அது நல்ல சேதி.

பேத்தி கல்யாணத்துக்கு அழைத்துப் போங்கள். அதற்குள் மூன்று நான்கு வாரம் இருக்கிறது. மாத்திரை மாற்றி, ஒரு தலையணையில் படுத்துத் தூங்க முடிகிறது, எடை இறங்கி ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் தடை ஒன்றுமில்லை. பகல் ரயில் நல்லது. பாத்ரூமுக்குப் பயந்து பயண நாளில் தண்ணீர் மாத்திரையை விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். விட வேண்டாம், கோவை போய் இறங்கியதும் போட்டுக்கொள்ளட்டும். மண்டபத்தில் பந்தி மாடியில் என்றால் லிஃப்ட் இருக்கிறதா என்று இப்போதே விசாரித்துவிடுங்கள்.